ஆனைமுடி, மீசைப்புலிமலை, தொட்டபெட்டா: எது இரண்டாவது? யானைக்கு ஏது முடி?

#1 | பொள்ளாச்சி சந்தை | சனி காலை 9:10

என் பெண் ஆறாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் பொது அறிவுப் போட்டி. 'தென்னிந்தியாவின் இரண்டாவது உயரமான சிகரம் எது?' என்று ஒரு கேள்வி. இவள் மீசைப்புலிமலை என்று எழுதியிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான். தப்பு போட்டுவிட்டார்கள். சரியான விடை தொட்டபெட்டாவாம். சாயங்காலம் பையைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், வாங்கின சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வந்தவனைப் பார்ப்பது போல.

எனக்குத் தெரிந்த கணக்கு இது. ஆனைமுடி 2,695 மீட்டர். மீசைப்புலிமலை 2,640. தொட்டபெட்டா 2,637. மூன்றே மீட்டர்தான் வித்தியாசம் என்றாலும் வித்தியாசம் வித்தியாசம்தானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. நான் முழித்துக்கொண்டு நிற்கும்போதே அடுத்த கேள்வியைப் போட்டாள்: "அப்பா, யானைக்கு ஏது முடி?" வாலில் நாலு முடி இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கும் அதே பார்வை.

#2 | நடைவண்டி | சனி காலை 9:48

உங்கள் பெண் எழுதியதுதான் சரி. முதல் இடம் ஆனைமுடி, அடுத்தது மீசைப்புலிமலை, அதற்கு அப்புறம்தான் தொட்டபெட்டா. கூடவே நான்காவதையும் சொல்லிக் கொடுங்கள்: நீலகிரியில் முக்குருத்திப் பக்கம் இருக்கும் கோலரிபெட்டா, 2,630. இரண்டாவதிலிருந்து நான்காவது வரை மொத்தமே பத்து மீட்டர்தான் வித்தியாசம்.

மீசைப்புலிமலை நான் ஏறிய மலை. மூணாறு பக்கமிருந்து கேரள வன வளர்ச்சிக் கழகத்து ஆட்களோடு போக வேண்டும். ஒரு மேடு ஏறினால் அதுதான் உச்சி என்று தோன்றும். ஏறி நின்றால் எதிரில் இன்னொரு மேடு நிற்கும். பக்கவாட்டில் வரிவரியாக இறங்கும் புல்வெளி முகடுகளைப் புலியின் மீசை என்கிறார்கள். உச்சியில் நின்றவனுக்கு மீசையும் தெரியாது, புலியும் தெரியாது. கீழே மேகம் மட்டும்தான்.

ஒரு சந்தேகம் எனக்கும் உண்டு. உச்சியில் நின்று கைப்பேசியில் உயரம் பார்த்தேன், 2,551 காட்டியது. கிட்டத்தட்ட தொண்ணூறு மீட்டர் எங்கே போனது? கூட வந்தவன், "இரண்டாவது உசரம்னு சொல்லி ஏமாத்திட்டியே" என்று இன்றைக்கும் குத்திக் காட்டுகிறான்.

#3 | கோத்தகிரிக்காரி | சனி காலை 10:20

கொஞ்சம் பொறுங்கள். எங்கள் மலையை ஒரேயடியாக மூன்றாம் இடத்துக்குத் தள்ளுமுன் கேள்வியைச் சரியாகப் பாருங்கள். தொட்டபெட்டா தமிழ்நாட்டின் உயரமான சிகரம். அதில் யாருக்கும் சண்டை இல்லை. மீசைப்புலிமலையை இடுக்கி மாவட்டத்தில்தான் சேர்க்கிறார்கள். 'தமிழ்நாட்டில் முதல்' என்பதையும் 'தென்னிந்தியாவில் இரண்டாவது' என்பதையும் யாரோ ஒரு விடைத்தாளில் கலக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பொது அறிவுப் புத்தகங்களில் மீசைப்புலிமலை என்ற பேரே இருக்காது. ஆனைமுடி, தொட்டபெட்டா, அப்புறம் நேராக மகேந்திரகிரி என்று தாவிவிடுவார்கள். மகேந்திரகிரி 1,654 மீட்டர்தான். நடுவில் எத்தனை மலை விட்டுப் போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

பேர் விஷயத்துக்கு ராத்திரி வருகிறேன். இப்போது அடுப்பில் வேலை.

#4 | சங்கிலி அளவை | சனி மதியம் 1:05

நில அளவையில் முப்பது வருஷம் கழித்து ஓய்வு பெற்றவன். நடைவண்டித் தம்பியின் தொண்ணூறு மீட்டர் எங்கே போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கைப்பேசி செயற்கைக்கோளை வைத்துக் கணக்கிடும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியை வழவழப்பான ஒரு முட்டை வடிவமாகக் கற்பனை செய்துகொண்டு, அந்த முட்டையின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்க்கிறது. நிஜமான கடல் மட்டம் அந்த முட்டையோடு ஒட்டிப் போவதில்லை. ஈர்ப்பு விசை எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாததால் சில இடங்களில் மேலே எழும்பும், சில இடங்களில் தாழும். உலகத்திலேயே மிக ஆழமாகத் தாழ்ந்திருப்பது நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே நூறு மீட்டருக்கும் மேல் பள்ளம். கண்ணுக்குத் தெரியாது, கப்பலில் போனாலும் தெரியாது, ஆனால் பள்ளம்தான். அந்தப் பள்ளத்தின் சரிவில் தென்னிந்தியா உட்கார்ந்திருக்கிறது. மூணாறு, ஊட்டி வட்டாரத்தில் சுமார் 90 மீட்டர் வித்தியாசம் வரும். சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில அப்படியே காட்டும். உங்களுடையது அப்படியே காட்டியிருக்கிறது. 2,551-ஓடு தொண்ணூறைக் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், ஏமாற்றியது நீங்கள் இல்லை, கடல்.

இனி அந்த மூன்று மீட்டர். அந்தக் காலத்தில் மலை உயரத்தைக் கோணம் பிடித்துத்தான் அளந்தார்கள். சமவெளியில் ஒரு அடிக்கோடு, அதன் இரண்டு முனையிலிருந்தும் எதிரே தெரியும் குன்றுக்குக் கோணம், அந்த முக்கோணத்தின் மேல் அடுத்த முக்கோணம் என்று நாடு முழுக்க வலை பின்னினார்கள். அந்த வேலையின் முதல் கண்ணி 1802-இல் சென்னையில் விழுந்தது. வெள்ளைக்கார அளவையாளர் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று பக்கம் வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்குச் சங்கிலி போட்டு அளந்தார். அந்தச் சங்கிலிதான் என் புனைபெயர்.

இப்படி அளக்கும்போது வரும் பெரிய தொல்லை காற்று. குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது ஒளி வளைந்து வரும். தூரத்து உச்சி இருக்கிற இடத்தை விட உயரமாகத் தெரியும். அதற்குத் திருத்தம் உண்டு, ஆனால் திருத்தத்திலும் சில அடி முன்னே பின்னே போகும். அதன்பின் அடியை மீட்டராக்கி முழு எண்ணாகச் சுற்றுவதில் ஒரு அரை மீட்டர் உதிரும். அதனால் 2,640-க்கும் 2,637-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைக் கைப்பேசியால் தீர்க்க முடியாது. பட்டியலில் இருக்கிற வரிசை நடைவண்டி சொன்னதுதான். பெண்ணுக்கு மதிப்பெண் போட வேண்டியதுதான். ஆனால் ஒரு மாடி வீட்டின் ஒரு தளத்து உயரத்துக்கு இரண்டு மலைகளை மோத விடுகிறோம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

#5 | சும்மா வந்தவன் | சனி மதியம் 1:30

அப்போ இரண்டு பேருக்கும் இரண்டாவது பரிசைப் பங்கு போட்டுக் கொடுங்கப்பா.

#6 | சங்கிலி அளவை | சனி மதியம் 2:15

பங்கு போட வேண்டாம், தொட்டபெட்டாவுக்கு வேறொரு கணக்கில் நியாயமாகவே இரண்டாம் இடம் உண்டு. கோத்தகிரி அம்மா கேட்டுச் சந்தோஷப்படட்டும்.

கடல் பொங்கி மேலே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டரில் கரையோர ஊர்கள் போய்விடும். முந்நூறில் பொள்ளாச்சி போய்விடும். 381 மீட்டருக்கு வந்ததும் நீலகிரி தனித் தீவு, அதன் உச்சி தொட்டபெட்டா. தெற்கே ஆனைமலை, பழனிமலையெல்லாம் சேர்ந்து வேறொரு தீவு, அதன் உச்சி ஆனைமுடி. தண்ணீர் 381-க்குக் கீழே இறங்கினால் கோவை, பொள்ளாச்சி பக்கத்து மேட்டுச் சமவெளி வழியாக இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தொட்டபெட்டாவின் 2,637-இல் இந்த 381-ஐக் கழித்தால் 2,256 மீட்டர். இதுதான் அந்த மலை தன் சொந்தக் காலில் நிற்கும் உயரம். ஆனைமுடிக்கு இதே கணக்கில் 2,479. இமயம் வரைக்கும் தன்னைவிட உயரமான மலை எதுவும் இல்லாததால் அதற்கு இவ்வளவு.

மீசைப்புலிமலை இந்தக் கணக்கில் எங்கேயோ பின்னால் போய்விடும். அது ஆனைமுடியோடு மேட்டு நிலத்தால் ஒட்டியே கிடக்கிறது. ஆயிரம் மீட்டர் தண்ணீர் நின்றாலும் இரண்டும் ஒரே தீவுதான். அண்ணன் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்க்கிற தம்பி மாதிரி.

#7 | பொள்ளாச்சி சந்தை | சனி மதியம் 2:40

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் எடுத்த எடுப்பில் எங்கள் ஊரையா முக்க வேண்டும்? கோயம்புத்தூர்?

#8 | சங்கிலி அளவை | சனி மதியம் 2:52

கோவை நானூறுக்குக் கொஞ்சம் மேலே. கணுக்கால் நனையாமல் தப்பிக்கும். உங்கள் ஆழியாறு மேற்கே போய் பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. கோவை நொய்யல் கிழக்கே போய் காவிரியில் சேருகிறது. ரெண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் போகிறவனுக்கு மேடே தெரியாது. ஆனால் மழைத்துளிக்குத் தெரியும். அந்தத் தெரியாத மேடுதான் நான் சொன்ன 381.

#9 | ஒத்தக்கடை வாத்தியார் | சனி மாலை 5:30

பெண் கேட்ட இரண்டாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். முடி என்றால் மயிர் மட்டும் இல்லை. முடிவது எதுவோ அது முடி. தலையின் உச்சி முடி, அதன் மேல் அரசன் வைத்துக்கொள்வதும் முடி, மலை முடியும் இடமும் முடி. மலையாளத்திலும் அதே சொல், அதே பொருள். திருவனந்தபுரம் பக்கத்தில் பொன்முடி, வால்பாறையில் நல்லமுடி. தமிழில் கொடுமுடி என்றாலே சிகரம்தான். வேடிக்கை என்னவென்றால், ஈரோட்டுப் பக்கம் கொடுமுடி என்று பேர் வாங்கிய ஊர் காவிரிக் கரையில் தட்டையாகக் கிடக்கிறது. மேருமலையிலிருந்து உடைந்து தெறித்த ஒரு துண்டு அங்கே விழுந்ததாகத் தலபுராணம். மலை வராத ஊருக்குச் சிகரத்தைப் பார்சலில் அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் ஒரு திருத்தம். 'ஆனைமுடி' பேச்சு வழக்கு. நாம் எழுதும்போது 'யானைமுடி' என்றுதான் எழுத வேண்டும். இழைத் தலைப்பை மாற்றுங்கள்.

#10 | நடைவண்டி | சனி மாலை 5:41

வாத்தியாரே, அப்படி மாற்றினால் ஆனைமலையையும் யானைமலை ஆக்க வேண்டும். யானைமலைக்கு வழி கேட்டால் மக்கள் உங்கள் ஒத்தக்கடைக்கு வந்து நிற்பார்கள். புலிகள் காப்பகம் எங்கே என்று உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

#11 | ஒத்தக்கடை வாத்தியார் | சனி மாலை 6:25

சிரித்துவிட்டேன். கூடவே தோற்றும்விட்டேன், அதுவும் என் கையாலேயே. உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது. எங்கள் ஊர் யானைமலையைச் சம்பந்தர் மதுரையில் பாடும்போது 'ஆனைமாமலை' என்றுதான் சொல்கிறார். ஆக ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே எங்கள் மலையும் ஆனைதான். நடுவில் யாரோ என்னைப் போல ஒரு வாத்தியார் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார் போல. தலைப்பு அப்படியே இருக்கட்டும்.

எங்கள் மலைக்கு அந்தப் பேர் ஏன் என்று மேலூர் சாலையில் வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் யானை, அச்சு அசல். ஆனால் என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் வெறும் நீளப் பாறை. முப்பது வருஷமாக அந்தப் பாறையைப் பார்த்துத்தான் பல் தேய்க்கிறேன்.

ஆனைமலைக்கு யானை ஒட்டிக்கொண்டது இன்னும் பழைய கதை. பதிற்றுப்பத்தில் ஒரு சேரன் பாடின புலவருக்கு உம்பற்காட்டில் ஐந்நூறு ஊர் கொடுத்ததாக வருகிறது. உம்பல் என்றால் யானை. அந்த உம்பற்காடு ஆனைமலை வட்டாரம்தான் என்று கொள்ளும் அறிஞர்கள் பலர்.

#12 | கொழுந்துக்கூடை | சனி இரவு 8:15

மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். இப்போது திருப்பூரில் இருக்கிறேன். இந்த இழையை மூன்று தடவை படித்துவிட்டேன். எல்லோரும் மலையை எண்ணாக எழுதியிருக்கிறீர்கள், சரிதான். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் லயத்து வாசலில் நின்றால் ஆனைமுடி நேர் எதிரே. வருஷத்தில் பாதி நாள் இருக்காது. மேகம் எடுத்துக்கொண்டு போய்விடும். ஜூன் மாசம் போனால் ஆகஸ்ட்டில்தான் திருப்பிக் கொடுக்கும். மழை விட்ட முதல் காலை எங்கள் அம்மா கூடையை மாட்டிக்கொண்டே, "ஆனை வந்துருச்சு பாருங்க" என்பார். தெரிவது முழு யானை இல்லை. கால் இல்லை, தும்பிக்கை இல்லை. நெற்றி மட்டும்தான். மத்தகம் என்பார்களே, அது. புல் இல்லாத சாம்பல் நிறப் பாறை, நடுவில் லேசாக ஒரு மடிப்பு, இரண்டு பக்கமும் உருண்டு இறங்கும். மழைக்கு அப்புறம் பாறையில் தண்ணீர் வழிந்து கறுப்புக் கோடு கோடாக இருக்கும். மதம் பிடித்த யானைக்குக் கன்னத்தில் நீர் வழியும் என்று புத்தகத்தில் படித்தபோது எனக்கு இந்தக் கோடுகள்தான் ஞாபகம் வந்தது. அது முடி இல்லை, முகம் என்று உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள்.

மலைக்கு மேலே போனதில்லை. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் ராஜமலை வரைதான் விடுவார்கள். வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் அதுவும் கிடையாது. வரையாட்டுக்கு மனுஷனைக் கண்டால் பயமே இல்லை. சாலையோரம் நின்று, நாம் வழி விடட்டும் என்று காத்திருக்கும். செங்குத்துப் பாறையில் குட்டிகள் பந்து மாதிரி துள்ளுவதைப் பார்த்தால் நமக்குத்தான் அடிவயிறு கூசும்.

#13 | ஒத்தக்கடை வாத்தியார் | சனி இரவு 8:40

அம்மா, மிக அழகு. ஒரே ஒரு ஒட்டு. 'வரை' என்றால் மலை. செங்குத்தான மலைப்பக்கத்துக்கும் அதே சொல். சங்கப் பாட்டில் எங்கே திரும்பினாலும் வரை வரும். இன்றைக்கு யாரும் மலையை வரை என்று சொல்வதில்லை. அந்தச் சொல் ஆட்டின் முதுகில் ஏறித் தப்பித்துவிட்டது. அதே ஆட்டைச் சங்கப் புலவர்கள் 'வருடை' என்றார்கள்.

#14 | நடைவண்டி | சனி இரவு 9:02

ஆனைமுடியில் முதலில் ஏறியவர் மெட்ராஸ் ராணுவத்தின் டக்ளஸ் ஹாமில்டன், 1862 மே 4. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், போட்டியில் கேட்பார்கள்.

#15 | கொழுந்துக்கூடை | சனி இரவு 9:20

தம்பி, 'எழுதி வைத்தவர்களில் முதல் ஆள்' என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே முதுவர் பழங்குடிகள் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள். மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி வந்தோம், அதனால்தான் முதுவர் என்று பேர் என்பார்கள். 1877-இல் மன்றோ துரை பூஞ்ஞாறு ராஜாவிடம் குத்தகைக்கு வாங்கிய மலைக்குக் கண்ணன் தேவன் என்று பேர். அந்தக் கண்ணன் தேவன் ஒரு முதுவர் தலைவர் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். தேயிலைப் பொட்டலத்தில் அந்தப் பேரைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மனுஷன் பேர் என்று தெரியும்? தேன் எடுக்கவும் ஆடு தேடவும் அந்த மலை முழுக்க நடந்தவர்கள் உச்சிக்கு மட்டும் போகாமல் துரைக்காகக் காத்திருந்தார்கள் என்று நான் நம்பத் தயாரில்லை.

#16 | நடைவண்டி | சனி இரவு 9:24

சரி அக்கா. திருத்திக்கொள்கிறேன்: 'பதிவான முதல் ஏற்றம்.'

#17 | கோத்தகிரிக்காரி | சனி இரவு 10:05

வந்துவிட்டேன். தண்ணீரை 381 மீட்டருக்கு உயர்த்தி எங்கள் மானத்தைக் காப்பாற்றிய ஐயாவுக்கு நன்றி.

தொட்டபெட்டா எங்கள் படுகப் பேச்சு. தொட்ட என்றால் பெரிய, பெட்ட என்றால் மலை. கன்னடத்திலும் அதேதான். அவ்வளவுதான் பேர்: பெரிய மலை. எங்கள் பாட்டி 'தொட்டபெட்டா சிகரம்' என்று யாராவது சொன்னால் சிரிப்பார். பெரியமலைச் சிகரமா, கேட் வாசல் மாதிரி? சுற்றுலா வேன் ஓட்டுகிறவர் ஒருவர், "வானத்தைத் தொட்டதால் தொட்டபெட்டா" என்று நாற்பது பேருக்கு மைக்கில் விளக்குவதை என் காதால் கேட்டிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பின் சீட்டிலிருந்த நானும்தான், இறக்கிவிட்டுவிடுவாரோ என்று.

இந்தப் பேரைப் பாருங்கள். யானை இல்லை, புலி இல்லை, சாமி இல்லை. மேலே வீட்டுக் கூரை மாதிரி அகலமாக, மொழுக்கென்று இருக்கிற மலை. கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகிறவனுக்கு அது மலை என்றே படாது, சாலையோரத்து மேடு மாதிரிதான். கீழே இருப்பவன் பார்த்து வியந்து வைத்த பேர் இல்லை அது. அதன் மடியிலேயே குடியிருந்து, பக்கத்து மேடுகளோடு ஒப்பிட்டு, 'இது பெரிசு' என்று வைத்த பேர்.

முக்குருத்தி வேறு மாதிரி. மூக்கு அறுத்த மாதிரி ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டிப் போயிருக்கும். 2,554 மீட்டர். சூர்ப்பனகையின் மூக்கு என்று சமவெளிக்காரர்கள் கதை சொல்வார்கள். தோடர்களுக்கு அது விளையாட்டில்லை. இறந்தவர்களின் உயிரும் அவர்களோடு போகும் எருமைகளின் உயிரும் அங்கிருந்துதான் மறு உலகத்துக்குப் போகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. மூக்கு என்கிறவர்களுக்கு அது பாறை, அவர்களுக்கு வாசல்.

ஊட்டியைச் சுற்றி வெள்ளைக்காரன் வைத்த பேரும் இருக்கிறது: ஸ்னோடன், எல்க் ஹில், கிளப் ஹில்.

#18 | சும்மா வந்தவன் | சனி இரவு 10:30

அதையெல்லாம் மாற்றித் தமிழ்ப் பேர் வைக்க வேண்டும். அடிமைச் சின்னம்.

#19 | கோத்தகிரிக்காரி | சனி இரவு 10:48

தமிழ்ப் பேரா? அந்த மேட்டுக்கெல்லாம் தோடர் பேரும் படுகப் பேரும் ஏற்கெனவே இருந்ததே, அதைக் கேட்டுவிட்டு மாற்றலாம். வெள்ளைக்காரன் கேட்காமல் வைத்தான், நாமும் கேட்காமல் வைத்தால் என்ன வித்தியாசம்?

ஸ்னோடனில் ஒரு கூத்து உண்டு. அசல் ஸ்னோடன் வேல்ஸ் நாட்டில், 1,085 மீட்டர். எங்கள் ஊட்டி ஸ்னோடன் 2,530. நகல் அசலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதை விடுங்கள், 2022 நவம்பரில் அங்கே உள்ள தேசியப் பூங்கா நிர்வாகம், ஸ்னோடன் என்பது ஆங்கிலேயன் வைத்த பேர், இனி எங்கள் வேல்ஷ் மொழியில் அர் உயித்வா என்றே சொல்வோம் என்று முடிவெடுத்துவிட்டது. அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை நாங்கள் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

#20 | அட்டன் பனி | ஞாயிறு காலை 6:50

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். கொழுந்துக்கூடை அக்கா சொன்ன லயம், கூடை, மேகம் எல்லாம் எங்கள் வீட்டுக் கதைதான்.

எங்கள் பக்கம் சிவனொளிபாதமலை. உச்சியில் ஒரு பாதச்சுவடு. எங்களுக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், அவர்கள் சொல்வது சிறீபாத. முஸ்லிம்களுக்கு ஆதம் நபி கால் வைத்த இடம். இப்னு பதூதா 1344-இல் ஏறியிருக்கிறார். ஆங்கிலக்காரன் ஆதம் பெயரை எடுத்துக்கொண்டான். சிங்களத்தில் சமனல கந்த என்ற பேரும் உண்டு. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே வெசாக் பௌர்ணமி வரை ராத்திரி முழுக்கப் படியேறும் கூட்டத்தில் இந்த எல்லாப் பேரும் கேட்கும், யாரும் யாரையும் திருத்த மாட்டார்கள்.

கடலில் வருகிறவனுக்கு இலங்கையின் உயரமான மலை இதுதான் என்று தோன்றும். கூம்பாகத் தனியே நிற்கும். உண்மையில் 2,243 மீட்டர்தான். உயரமானது நுவரெலியா பக்கத்துப் பேதுருதாலகால, 2,524. அது காட்டுக்குள் ஒரு பெரிய கூன் மாதிரி கிடக்கும், மேலே கோபுரங்கள், பல வருஷம் ஆளை விட்டதும் இல்லை. யாத்திரையும் இல்லை, பாட்டும் இல்லை. விடிகாலையில் சிவனொளிபாத உச்சியில் நின்றால், சூரியன் முதுகுப்பக்கம் வர, மலையின் நிழல் எதிரே மேகத்தின் மேல் முக்கோணமாக விழும். கோடு போட்டு வெட்டியது மாதிரி. உயரம் கேட்டு யாரும் அங்கே வருவதில்லை.

எங்கள் பக்கம் ஏறும் அடிவாரத்து ஊர் நல்லதண்ணி.

#21 | கொழுந்துக்கூடை | ஞாயிறு காலை 7:30

தம்பி, நல்லதண்ணியா! மூணாறு என்ற பேரே மூன்று ஆறுகள்: முதிரப்புழை, குண்டலை, நல்லதண்ணி. ஊரை விட்டுப் போன சனம் எந்த மலைக்குப் போனாலும் முதலில் தண்ணீரைத்தான் ருசி பார்த்துப் பேர் வைத்திருக்கிறது போல.

#22 | நெறியாளர் | ஞாயிறு காலை 9:00

இருவரும் ஊர்க்கதையைத் தனி இழையில் தொடரலாம். இங்கேயே தொடர்ந்தாலும் நான் பார்க்காதது போல இருந்துகொள்கிறேன்.

இன்னொரு விஷயம்: மீசைப்புலிமலைக்குப் போடி, கொழுக்குமலை வழியாகக் குறுக்குப் பாதை உண்டா என்று தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அனுமதி இல்லாத பாதை எதையும் இங்கே பகிர வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் இறங்கி வந்தது அந்தப் பக்கத்து மலைதான்.

#23 | பொள்ளாச்சி சந்தை | அடுத்த ஞாயிறு, இரவு 8:20

ஒரு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

முதலில் மதிப்பெண். ஆசிரியையைப் பார்த்தேன். நல்ல மனுஷி. விடைத்தாள் வெளியிலிருந்து அச்சாகி வந்தது, மாற்ற முடியாது என்றார். ஆனால் இவளை வகுப்பில் எழுப்பிப் பேசச் சொன்னாராம். இவள் கரும்பலகையில் இரண்டு தீவு வரைந்து, தண்ணீரை ஏற்றி, பொள்ளாச்சியை முக்கிக் காட்டியிருக்கிறாள். பையன்கள் கைதட்டினார்களாம். பள்ளிக்கூடமும் சேர்ந்து முங்கும் என்றதால்.

அப்புறம், யானையை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மூணாறு போக நேரமில்லை. நேற்று விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசியும் ஏறி, வால்பாறை தாண்டி நல்லமுடி பூஞ்சோலைக்குப் போனோம். முப்பத்தி ஒன்றாவது வளைவில் வாந்தி எடுத்தாள், எண்ணிக்கை அவளுடையது. பார்வை மேடையில் நின்றபோது எதிரே ஒன்றும் இல்லை, பால் மாதிரி மேகம். முக்கால் மணி நேரம் நின்றோம். தேநீர் விற்றவர், "இப்ப தொறக்கும் சார், இப்ப தொறக்கும்" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு மூன்று தேநீர் விற்றுவிட்டார்.

திறந்தது. ஒரு இரண்டு நிமிஷம். பள்ளத்தாக்குக்கு அப்பால் மலைக்கு மேல் மலை, எல்லாவற்றுக்கும் பின்னால் மழுங்கலாக, உயரமாக ஒன்று. தேநீர்க்காரர் அதைத்தான் காட்டினார். இவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது யானை மாதிரியே இல்லையே. கவுத்துப் போட்ட இட்லிச் சட்டி மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கொழுந்துக்கூடை அக்கா, நாங்கள் பார்த்தது ஆனைமுடிதானா?

#24 | கொழுந்துக்கூடை | அடுத்த ஞாயிறு, இரவு 8:55

அதேதான். நீங்கள் நின்றது வடக்கே. எங்கள் லயம் இருந்தது தெற்கே. நீங்கள் பார்த்தது யானையின் முதுகு.

பாப்பாவிடம் சொல்லுங்கள், மழை விட்டதும் மூணாறு வரட்டும். முகத்தை நான் காட்டுகிறேன்.